காட்டைத் தேடிப் போன வைத்தியர்

மாத்தளையில் தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்களுக்குக் காடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது யானையோ சிறுத்தையோ அல்ல. ஒரு பாதைதான். மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் பாதை. என் பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்ன கதைகளில் காடு அழகான இடமாக ஒருநாளும் வந்ததில்லை. அது காய்ச்சலும் வாந்திபேதியும் பிடித்தவர்களைக் கைவிட்டுப் போக வேண்டிய இடம், தண்ணீர் கிடைக்காத இடம், இரவில் நெருப்பு அணையக்கூடாத இடம். அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. வந்து சேர்ந்தவர்கள் கையில் கத்தியும் கோடரியும் கொடுக்கப்பட்டன. மாத்தளைக் கிழக்கு மலைகளில் முதலில் கோப்பிக்காகவும், 1869க்குப் பிறகு கோப்பியில் இலைநோய் விழுந்ததும் தேயிலைக்காகவும் கொக்கோவுக்காகவும் காடு வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள்தான். வெட்டச் சொன்னவர்கள் வேறு.

இப்படிப்பட்ட நினைவோடு வளர்ந்தவனுக்கு ஆர்.எல். ஸ்பிட்டலின் காடு அந்நியமாகத்தான் இருந்தது. பாடசாலை நாட்களில் அவருடைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு மனிதர் தானாக விரும்பி, விடுமுறை எடுத்து, கூலியாட்களோடும் மாட்டுவண்டியோடும் காட்டுக்குள் போகிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தபோதுதான், இலங்கையில் இன்று நாம் வனப் பாதுகாப்பு என்று சொல்லும் விடயத்தின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே இந்த ஒரு வாழ்க்கைக்குள் அடங்கிக் கிடப்பது தெரிந்தது. சிங்கள வாசகர்களுக்கு அவர் பழக்கமானவர். 'வன சரண' என்ற மொழிபெயர்ப்பு வழியாகப் பல தலைமுறைகள் அவரைப் படித்திருக்கின்றன. தமிழில் அவரைப் பற்றிப் பேசுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரிச்சர்ட் லயனல் ஸ்பிட்டல் 1881 டிசம்பர் 9 ஆம் திகதி தங்காலையில் பிறந்தார். பறங்கியர் சமூகம். தகப்பனார் அரசாங்க வைத்தியர். அந்தக் காலத்து அரசாங்க வைத்தியர் என்றால் இடமாற்றத்துக்கு மேல் இடமாற்றம். போகும் இடமெல்லாம் பாதி நாள் வண்டியிலும் குதிரையிலும் கழியும். கிராமம் கிராமமாகச் சுற்றும் தகப்பனோடு மகனும் போனான். காட்டின் மீதான பிடிப்பு அங்கேதான் தொடங்கியது. நோயாளி என்பவர் வைத்தியசாலைக்கு வருகிறவர் மட்டுமல்ல, வைத்தியர் தேடிப் போக வேண்டியவரும் உண்டு என்ற பாடமும் அங்கேதான் படிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கொழும்பு மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, இங்கிலாந்து சென்று எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றுத் திரும்பி, கொழும்புப் பொது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணரானார். உள்ளூரில் பிறந்த ஒருவர் அந்த இடத்துக்கு வருவது அன்று சாதாரண காரியம் அல்ல. அவருடைய மனைவி கிளாரிபெல் வான் டோர்ட்டும் வைத்தியர். சத்திரசிகிச்சை பற்றி மாணவர்களுக்காக ஸ்பிட்டல் எழுதிய பாடநூல்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் கொழும்பு புல்லர்ஸ் வீதியில் 'விச்சர்லி' என்ற தன் இல்லத்தில் தனியார் வைத்தியமனையும் நடத்தினார். வசதியான வாழ்க்கை. அத்தோடு நின்றிருந்தால் கொழும்பின் பெரிய வைத்தியர்களில் ஒருவர் என்று நாலு வரியில் முடிந்திருக்கும்.

ஆனால் விடுமுறை கிடைத்த போதெல்லாம் அவர் கிழக்கே போனார். மாத்தளை மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் அதன் கிழக்கு ஓரத்தில் வில்கமுவவும் வஸ்கமுவக் காடும் வரும். அதற்கு அப்பால் மகாவலி கங்கை. கங்கையின் அக்கரையில் தொடங்கி, மகியங்கனை, பிந்தன்னை, பிபிலை, மகாஓயா என்று மட்டக்களப்பின் பின்புறம் வரை நீளும் வறண்ட காடுதான் ஸ்பிட்டலின் நாடு. அங்கே வாழ்ந்தவர்கள் வேடுவர்கள். தங்களை அவர்கள் வன்னியல அத்தோ என்பார்கள், காட்டு மக்கள் என்று பொருள். கங்கைக்கு இக்கரையிலும் ஒரு காலத்தில் அவர்கள் இருந்தார்கள். மாத்தளையின் பழைய எல்லைகளைச் சொல்லும் 'மாத்தளை கடயிம்பொத்த' என்ற சிங்களச் சுவடியில் வேடுவர்கள் இப்பகுதியின் காவலர்களாகப் பேசப்படுகிறார்கள். இன்று மாத்தளையில் யாரைக் கேட்டாலும் வேடுவர் என்றால் தம்பானைக்குப் போகச் சொல்வார்கள்.

அந்தக் காட்டில் ஸ்பிட்டல் முதலில் கண்டது நோயைத்தான். பறங்கிப்புண் என்ற நோயை இன்று இளைய வைத்தியர்கள் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். போர்த்துக்கேயரோடு வந்தது என்ற நம்பிக்கையால் அந்தப் பெயர். ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்குத் தொற்றும். பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிக்கும். முதலில் பழம் போலத் திரண்ட புண், பிறகு உடலெங்கும் பரவல், கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போய் முகத்தையும் கால்களையும் உருக்குலைக்கும். தெருவில்லாத, பாடசாலையில்லாத, வைத்தியசாலையில்லாத கிராமங்களின் நோய் அது. 1910 இல் சல்வர்சான் என்ற ஊசிமருந்து வந்தபோது அது இந்தப் புண்ணையும் ஆற்றுவது தெரிந்தது. ஸ்பிட்டல் அந்த மருந்தோடு நோயாளிகளைத் தேடிப் போனார். 1923 இல் பறங்கிப்புண் பற்றி ஒரு தனி மருத்துவ நூலே எழுதினார். காடு பற்றிய அவருடைய முதல் புத்தகமான 'வைல்ட் சிலோன்' அதற்கு அடுத்த ஆண்டு, 1924 இல் வந்தது. இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். முதலில் புண், பிறகுதான் அழகு.

அவருக்கு முன்பே வேடுவரைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதி 1907–08 இல் வந்து ஆய்வு செய்து 1911 இல் வெளியிட்ட பெரிய நூல் இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் ஆய்வு முடிந்ததும் ஊருக்குப் போனார்கள். ஸ்பிட்டல் திரும்பத் திரும்பப் போனார். அதே குடும்பங்களை ஆண்டுகள் கழித்தும் பார்த்தார். குழந்தையாக ஊசி போட்டவர் தகப்பனாகி நிற்பதைக் கண்டார். 'ஃபார்-ஆஃப் திங்ஸ்' 1933 இல், 'சாவேஜ் சாங்சுவரி' 1941 இல், 'வனிஷ்ட் டிரெயில்ஸ்' 1950 இல் என்று புத்தகங்கள் வந்தன. இவற்றில் அதிகம் படிக்கப்பட்டது 'சாவேஜ் சாங்சுவரி'. சட்டத்துக்குத் தப்பிக் காட்டுக்குள் வாழ்ந்த திசாஹாமி என்ற வேடுவரின் கதை அது. 1998 இல் காலமான தம்பானைத் தலைவர் திசாஹாமி வேறு, இவர் வேறு. பலர் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். மேற்சொன்ன 'வன சரண' இந்தப் புத்தகத்தின் சிங்கள வடிவம்தான். ஒரு கொழும்பு வைத்தியர், காலனிய அரசு குற்றவாளி என்று தேடிய ஒருவரை அவர் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார் என்பது அந்தக் காலத்துக்குச் சின்ன விடயம் அல்ல.

துவக்கு விடயத்துக்கு வருவோம். ஸ்பிட்டலும் துவக்கு ஏந்திக் காட்டில் நடந்தவர்தான். அவருடைய தலைமுறையில் காட்டை அறிய வேறு வழி இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. இலங்கையில் வன விலங்குப் பாதுகாப்பைத் தொடங்கி வைத்ததே வேட்டைக்காரர்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானையைக் கொல்பவருக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் தனியாளாக 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகக் கணக்குச் சொல்வார்கள். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் செத்துப் போனார். காட்டு விலங்குகள் பழி வாங்கின என்று மலைநாட்டில் இன்னும் சொல்வார்கள். இப்படிச் சுட்டுச் சுட்டு, சுடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் வந்தபோதுதான் 1894 இல் துரைமார்களும் அதிகாரிகளும் சேர்ந்து வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்றைய வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். தொடக்கத்தில் அதன் அக்கறை அடுத்த பருவத்து வேட்டை பற்றியது. மானும் மரையும் யாருக்கு என்பதுதான் கேள்வி, துரைக்கா கிராமத்தானுக்கா என்று.

அந்தச் சங்கம் மெல்ல மாறியது. விலங்கு வேட்டைக்காக இருக்க வேண்டும் என்பதிலிருந்து விலங்கு இருக்க வேண்டும் என்பதற்கு வந்தது. இந்த மாற்றத்தின் முன்வரிசையில் ஸ்பிட்டல் நின்றார். 1936 இல் சங்கம் தொடங்கிய சஞ்சிகைக்கு 'லோரிஸ்' என்று பெயர். தேவாங்கு என்று பொருள். யானையையும் சிறுத்தையையும் விட்டுவிட்டு, இரவில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டும் அந்தச் சின்னப் பிராணியின் பெயரை வைத்த அந்த ரசனை எனக்குப் பிடிக்கும். சுடுவதற்கு ஒருவரும் ஆசைப்படாத பிராணி அது. ஸ்பிட்டல் நீண்ட காலம் அந்தச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். கள்ள வேட்டை, காடு வெட்டு, குளத்துப் பறவைகள், அதிகாரிகளின் அசட்டை என்று அதில் தொடர்ந்து எழுதப்பட்டது. கொழும்பில் அவருக்கிருந்த செல்வாக்கும் உதவியது. அமைச்சர்களும் நீதிபதிகளும் அவரிடம் வைத்தியம் பார்க்க வருகிறவர்கள். கட்டிலில் கிடக்கும் நோயாளி வைத்தியர் சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

1937 இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இன்று வரை திருத்தங்களோடு நடைமுறையில் இருப்பது அதே சட்டம்தான். அது காட்டைப் பல வகையாகப் பிரித்தது. ஆய்வுக்குத் தவிர எவரும் நுழையக்கூடாத கடும் இயற்கை ஒதுக்கிடம், பார்வையாளர் போகக்கூடிய தேசிய பூங்கா, அனுமதிப் பத்திரத்தோடு வேட்டையாடக்கூடிய இடைநிலை வலயம், தனியார் காணியும் உள்ளே இருக்கக்கூடிய சரணாலயம் என்று. 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் நம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்த வஸ்கமுவவும் இயற்கை ஒதுக்கிடமானது. கரடி என்பதற்கான சிங்களச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் மகாவலி, மறு பக்கம் அம்பன் கங்கை, நடுவில் சுது கந்தை. மாத்தளை மலைகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் போன பிறகு, சமவெளியில் மிஞ்சிய இந்தத் துண்டு தப்பியது என்றால் அதற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது நுளம்பு.

இந்த இடத்தில்தான் ஸ்பிட்டலின் வாழ்க்கை இரண்டாகப் பிளக்கிறது என்று நான் நினைக்கிறேன். வறண்ட வலயக் காட்டை நூற்றாண்டுகளாகக் காத்தது எந்தச் சட்டமும் அல்ல, மலேரியா. அங்கே போய்க் குடியேறப் பயந்தார்கள். போனவர்கள் காய்ச்சலில் செத்தார்கள், அல்லது திரும்பினார்கள். 1934–35 இல் வந்த பெருங்கொள்ளைக் காய்ச்சல் 80,000 பேர் வரை கொன்றது. வைத்தியரான ஸ்பிட்டலுக்கு அது ஒழிக்கப்பட வேண்டிய பகை. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. 1946 அளவில் டி.டி.ரி. மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் அடங்கியது. பிறகு பென்சிலின் வந்தது, பறங்கிப்புண்ணும் போனது. அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்ற இரண்டு நோய்களும் அவர் கண் முன்னே தோற்றன. அதோடு காட்டின் காவலும் போனது.

1949 இல் கல்ஓயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியது. தமிழ் வாசகருக்கு கல்ஓயா என்றால் வேறு நினைவு வரும். கிழக்கின் முதல் பெரிய அரச குடியேற்றம், 1956 இல் அங்கே தமிழர் மீது நடந்த வன்முறை. அது சரியான நினைவுதான். ஆனால் அதே நீருக்கடியில் போன இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பள்ளத்தாக்கு ஸ்பிட்டல் நடந்த வேடுவர் நிலம். தேன் எடுத்த பாறைகளும் சேனை போட்ட இடங்களும் அங்கே இருந்தன. குடியேற்றவாசிகளுக்குக் காணி அளந்து கொடுத்தபோது அவர்களுக்கும் ஒரு துண்டு கொடுத்து விவசாயி ஆகச் சொன்னார்கள். மிஞ்சிய நீரேந்துக் காடு 1954 இல் கல்ஓயா தேசிய பூங்கா ஆனது. பூங்காவுக்குள் வேட்டை குற்றம், தேன் எடுப்பது குற்றம். முன்னோர் வாழ்ந்த அதே இடத்தில் அவர்கள் சட்டம் மீறியவர்கள் ஆனார்கள்.

ஸ்பிட்டல் இதை உணராதவர் அல்ல. அவருடைய பிற்காலப் புத்தகங்களின் தலைப்புகளைப் பாருங்கள், மறைந்த தடங்கள், தொலைதூர விடயங்கள் என்று எல்லாமே பிரியாவிடை. அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. வேடுவர் அழிந்து போகும் இனம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் அன்பு இருந்தது. ஆனால் ஒருவரை அழிந்து போகிறவர் என்று எழுதி முடித்துவிட்டால் அவருக்கு நாளைக்கு என்ன காணி, என்ன உரிமை என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. குடிசன மதிப்பீடும் அதைத்தான் செய்தது. 1911 இல் வேடுவர் என்று 5,000 பேருக்கு மேல் கணக்கெடுக்கப்பட்டார்கள். 1963 இல் சில நூறு பேர்தான். அத்தனை பேரும் செத்துப் போனார்களா? இல்லை. சிங்களப் பெயர் வைத்தவர் சிங்களவர் கணக்கில் சேர்ந்தார், தமிழ் பேசியவர் தமிழர் கணக்கில் சேர்ந்தார். வில், கோடரி, இடுப்பில் ஒரு துண்டு என்று புத்தகத்தில் இருக்கும் உருவத்துக்குப் பொருந்தாதவர் வேடுவர் இல்லை என்றாகிவிட்டது.

மட்டக்களப்பு வாகரைப் பக்கமும் திருகோணமலை மூதூர்ப் பக்கமும் இருக்கும் கரையோர வேடுவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பேசுவது தமிழ். மீன் பிடிக்கிறார்கள், சேனை செய்கிறார்கள், கூலி வேலைக்குப் போகிறார்கள். முன்னோரை அழைத்துச் சடங்கு செய்கிறார்கள். ஸ்பிட்டலின் புத்தகங்கள் வளர்த்துவிட்ட வேடுவர் படத்துக்குள் இவர்களுக்கு இடமே இல்லை. சுற்றுலாப் பேருந்து தம்பானைக்குப் போகும், வாகரைக்குப் போகாது. தமிழர்களாகிய நாமும் அவர்களைப் பெரிதாகக் கணக்கில் எடுத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் சொன்னாலும் அவருடைய பங்கைக் குறைக்க எனக்கு மனமில்லை. 1949 இல் வனஜீவராசிகளுக்கென்று தனித் திணைக்களம் உருவானதற்குப் பின்னால் அவர் தலைமுறையின் விடாப்பிடியான எழுத்து இருந்தது. அவர் காலத்துப் பெரிய மனிதர்களில் எத்தனை பேர் தம் வசதியை விட்டு, தமக்கு ஒரு வாக்கும் ஒரு சதமும் தராத மனிதரைத் தேடிக் காட்டுக்குள் நடந்தார்கள்? பிரித்தானிய அரசு அவருக்கு சி.பி.ஈ., சி.எம்.ஜி. பட்டங்கள் கொடுத்தது. எழுபது வயதை எட்டும் நேரத்தில், 1951 இல், வெள்ளை மரை ஒன்றைச் சுற்றிய கதையை நூலாக்கினார். 1958 இல் காட்டில் வளரும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனின் கதையை வெளியிட்டார். 1969 செப்டம்பர் 3 ஆம் திகதி, 87 வயதில் காலமானார். அவருடைய மகள் கிறிஸ்டின் வில்சனும் எழுத்தாளர். தகப்பனோடு காட்டுக்குப் போய் வளர்ந்தவர். 1975 இல் அவர் எழுதிய தகப்பனின் வரலாற்றுக்கு, காட்டின் சத்திரசிகிச்சை நிபுணர் என்ற பொருளில் பெயர் வைத்தார்.

அவர் கண் மூடிய பிறகுதான் மிகப் பெரிய வெட்டு நடந்தது. 1977க்குப் பிறகு துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் கங்கையின் இரு கரைகளையும் மாற்றியது. காட்டிலிருந்து விரட்டப்பட்ட விலங்குகளுக்கு இடம் வேண்டும் என்று 1983 இல் மாதுருஓயாவும் 1984 இல் நம் வஸ்கமுவவும் தேசிய பூங்காக்களாயின. மாதுருஓயாப் பூங்காவுக்குள் வந்தது தம்பானை வேடுவர்களின் வேட்டைக் காடு. பல குடும்பங்கள் ஹெனானிகலைக்குக் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டன. தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு போக மறுத்து இருந்துவிட்டார். அவர் மகன் வன்னியல அத்தோ 1996 இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடியினர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னார்.

வஸ்கமுவ ஓரத்திலும் கதை முடியவில்லை. ஹெட்டிப்பொலைக்குப் போய் எந்தத் தேநீர்க் கடையிலும் உட்காருங்கள், பேச்சு யானையில்தான் போய் நிற்கும். நெல் கதிர் பிடிக்கும் மாதங்களில் ஆண்கள் மரத்தின் மேல் கட்டிய பரணில் தூங்குகிறார்கள். மின்வேலி போட்டிருக்கிறது, அது வேலை செய்யும் நாட்களும் உண்டு. அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் திறக்கப்பட்டது. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கல, பல்லேகம பக்கத்து மக்கள் ஊரைவிட்டு எழும்பினார்கள். யானையும் எழும்பியது. அதற்கு நட்டஈடும் இல்லை, மாற்றுக் காணியும் இல்லை. இன்னும் மேலே, ரத்தோட்டைத் தோட்டங்களில் பன்றிக்குப் போடும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டினால் பொலிஸ் முதலில் தேடி வருவது லயத்துக்குத்தான். அந்த மலைகளுக்கு மேலே நக்கிள்ஸ் காடு 2010 இல் உலக மரபுரிமை ஆனது. மரபுரிமையின் எல்லைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தங்கள் வீட்டு நிலத்துக்கே உறுதி இல்லை. வடக்கு கிழக்கில் போருக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் தங்கள் வயலும் மேய்ச்சல் தரையும் வன எல்லைக்கல்லுக்குள் போயிருப்பதைக் கண்டார்கள். சட்டம் வேறாக இருக்கலாம், திணைக்களம் வேறாக இருக்கலாம், காட்டுக்குள் மனிதர் இருப்பதைக் காணாத பார்வை ஒன்றேதான்.

ஸ்பிட்டல் நடந்த காடுகளில் ஒன்று பொல்லேபெத்தை. அம்பாறை மாவட்டம் 1961 இல் பிரிக்கப்படும் முன் அது மட்டக்களப்போடு இருந்தது. 2020 இல் அதன் பக்கத்தில் ரம்பகென்ஓயாக் காட்டைச் சோளப் பயிருக்காக இயந்திரம் வைத்து வெளியாக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு சுற்றாடல் அமைப்போடு சேர்ந்து மனுத் தாக்கல் செய்தவர், திசாஹாமியின் மகன், வேடுவர் தலைவர் வன்னியல அத்தோ. தோளில் கோடரியோடு அவர் கொழும்புக்கு வந்து நின்ற படத்தைப் பத்திரிகைகள் போட்டன. கீழே அவர் உடையைப் பற்றி இரண்டு வரியும், காட்டைப் பற்றி ஒரு வரியும் இருந்தது.